சத்தம் போடுற கேமராவா, சத்தமில்லாத கேமராவா?

போட்டோ எடுக்கிற தொழில்ல ஒரு விசேஷம் என்னன்னா, கல்யாண மண்டபத்துல "இன்னும் நாலு எடுங்க"ன்னு கையப் பிடிச்சு இழுக்குற அதே ஜனம், தெருவுல ஒண்ணே ஒண்ணு எடுத்தா "எதுக்கு எடுத்தே?"ன்னு சண்டைக்கு வரும். கேமராவும் கையுமா அலைஞ்சு திட்டு வாங்குற அன்பர்களே, உங்களுக்கு நான் இத விளக்க வேண்டியதில்ல.

கள்ளக்குறிச்சியில எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கு. என் வீட்டுக்காரர் சரவணனும் நானும் நடத்துறோம். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாமே டிஜிட்டல். முகூர்த்தம் இல்லாத நாள்ல மட்டும் பழைய பிலிம் எஸ்.எல்.ஆர் ஒண்ணத் தோள்ல மாட்டிக்கிட்டு நான் தெருவுக்குப் போயிடுவேன். கறுப்பு வெள்ளைப் படம். பிலிம் கழுவுறதும் நானே, ஸ்டுடியோவுக்குப் பின்னாடி ரூம்ல. போன் இருக்கும்போது பிலிம் எதுக்குன்னு கேக்காதீங்க. சில பேருக்கு சீட்டாட்டம், சில பேருக்கு சீரியல், எனக்கு இது.

யாரோ புண்ணியவான் என் மாமியார்கிட்ட, உங்க மருமவ பஸ் ஸ்டாண்டுல பீரங்கி மாதிரி ஒண்ணத் தூக்கிக்கினு நிக்குதுன்னு போட்டுக் குடுத்துட்டாங்க. மாமியார் மகன்கிட்ட சொன்னாங்க. என் வீட்டுக்காரர் சண்டை போடுற ஆள் இல்ல, சமாதானம் பண்றவரு. அதனால ஒரு ஒப்பந்தம் போட்டாரு. தெருவுல எடுக்கணும்னா யாருக்கும் தெரியாம எடுக்கணும், இல்லன்னா தெருவுல எடுக்கிறதையே விட்டுடணும்.

அதுக்கு வழியும் அவரே கண்டுபிடிச்சாரு. புதுச்சேரியில கேமரா ரிப்பேர் பண்ற ஜோசப் அண்ணன்கிட்ட ரேஞ்ச்ஃபைண்டர்னு ஒரு சின்ன பிலிம் கேமரா இருந்துச்சு. சோப்பு டப்பாவ விடக் கொஞ்சம்தான் பெருசு. அமுக்குனா பக்கத்துல நிக்கிறவருக்குக் கூடக் கேக்காது. என் எஸ்.எல்.ஆருக்குள்ள ஒரு கண்ணாடி எழும்பி விழும், அந்த 'டடக்' எதிர்க் கடை வரைக்கும் போகும். பொங்கல் வரைக்கும் ரெண்டையும் வெச்சுப் பாரு, அப்புறம் வேணாங்கிறத என்கிட்டக் குடுன்னாரு ஜோசப் அண்ணன். தெருவுக்கு ரேஞ்ச்ஃபைண்டர்தான் சரின்னு இன்டர்நெட்டும் சொல்லுச்சு. இன்டர்நெட்டும் என் வீட்டுக்காரரும் ஒரே பேச்சு பேசி நான் பாத்தது அதுதான் மொத தடவ. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும்.

கணக்குப் போட்டோ

மொதல்ல எஸ்.எல்.ஆர் பட்ட பாட்டச் சொல்றேன். கச்சிராயபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரமா நூறு நாள் வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. மண்ணு வாரிக்கிட்டு, ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கிட்டு நிறைய பொம்பளைங்க. ஒரு அம்மா கூடையத் தலையில கவுத்து, வெயிலுக்கு அதையே குடையாக்கி, கால நீட்டி உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்தாங்க. அதத்தான் எடுக்கணும்னு கேமராவக் கண்ணுகிட்டக் கொண்டு போனேன். அவ்வளவுதான். மண்வெட்டி எல்லாம் கீழ விழுந்துச்சு. அத்தன பேரும் ஓடி வந்து ரெண்டு வரிசையா நின்னு, தலையில கட்டுன துண்ட அவுத்து மூஞ்சியத் தொடச்சு, மூச்சு விடாம என்னையே பாக்குறாங்க.

அப்புறம்தான் எனக்கு விளங்குச்சு. அங்க வேலைக்கு வந்தவங்கள நிக்க வெச்சு போன்ல படம் எடுத்துதான் வருகைப் பதிவு. படத்துல மூஞ்சி இல்லன்னா அன்னிக்கு வேலைக்கே வரலன்னு ஆயிடுமோன்னு அவங்களுக்கு பயம். கேமராவக் கண்டா வரிசையில நிக்கிறது கைப்பழக்கமாவே ஆயிடுச்சு. பின்னாடி நின்ன ஒருத்தங்க என் மூஞ்சி விழுந்துச்சான்னு காட்டச் சொல்றாங்க. பிலிம் கேமராவுல என்னத்தக் காட்ட? முதுகுப் பக்கம் வெறும் கறுப்புத் தோல். நான் ஸ்டுடியோக்காரி, ஆசைக்கு எடுக்குறேன், இது உங்க கணக்குல வராதுன்னு சொன்னதும் பாதிப் பேர் திட்டிக்கிட்டே மண்வெட்டியத் தேடிப் போனாங்க. வெத்தல அம்மா மட்டும் நகரல. என்ன மொறச்சுப் பாத்துட்டு சொன்னாங்க:

"இது கணக்குப் போட்டோ இல்லன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா சிரிச்சிருப்பேன்ல."

சண்டைக்கு நடுவுல

வடக்கனந்தல்ல ஒரு டீக்கடை வாசல்ல பங்காளிங்க ரெண்டு பேர், மோட்டார் தண்ணிய யார் எப்ப பாய்ச்சுறதுன்னு மல்லுக்கு நின்னாங்க. ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாரு. இன்னொருத்தர் டீ கிளாச வெச்ச வேகத்துல பாதி டீ பெஞ்சுல. கையெல்லாம் காத்துல பறக்குது. இந்த மாதிரி ஒரு காட்சி தெனமுமா கெடைக்கும்? அமுக்கிட்டேன். டடக்.

சண்டை அப்படியே நின்னுபோச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பி என்னப் பாத்தாங்க. அதுவரைக்கும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டேன்னு நின்னவங்க, என்னத் திட்டுறதுன்னதும் கூட்டாளி ஆயிட்டாங்க. நான் அசையல. பொது ரோட்டுல சண்டை போட்டா பாக்குறவங்க பாக்கத்தான் செய்வாங்கன்னேன். அதுக்கு வேட்டி மடிச்சுக் கட்டுனவரு ரொம்பப் பொறுமையா சொன்னாரு:

"சண்டைய இன்னாத்துக்குமா எடுக்குற? கொஞ்சம் இரு, முடிச்சிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறோம்."

மூடி

சரி, இன்டர்நெட் சொல்றதும் நியாயம்தான்னு எங்க ஊரு வாரச் சந்தைக்கு ரேஞ்ச்ஃபைண்டர எடுத்துக்கிட்டுப் போனேன். என்ன சுகம்கிறீங்க. ஒருத்தரும் திரும்பல. ஒருத்தரும் துண்ட அவுக்கல. கறிவேப்பிலை கட்டுறவங்க, தக்காளியப் பொறுக்குறவங்க, கோழியக் கால்ல பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போறவங்க, எல்லாரும் அவங்கவங்க வேலையில. நான் பாட்டுக்கு எடுத்துத் தள்ளுனேன். ஒரு ரோல் முழுக்க முடிச்சுட்டு, இனிமே நம்மள யாரும் அடிச்சுக்க முடியாதுன்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

கழுவிப் பாத்தா பிலிம் முழுக்க வெறுமை. ஒரு கோடு கூட இல்ல. எஸ்.எல்.ஆர்ல லென்ஸ் வழியாத்தான் பாப்போம், மூடி இருந்தா இருட்டாத் தெரிஞ்சிடும். ரேஞ்ச்ஃபைண்டர்ல பாக்குற ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடிய எடுக்காமலேயே ஊரு பளிச்சுன்னு தெரியும். நானும் அத்தன படத்தையும் மூடியோடவே எடுத்திருக்கேன். அடுத்த வாரம் சந்தையில இத சொல்லிச் சிரிச்சப்ப, கீரைக்காரம்மா மட்டும் சிரிக்கல. அவங்களுக்கு அது புது சேதி இல்லயாம்.

"மூடி போட்டுக்கினுதான் எடுத்தே, நான் பாத்தேன். ஏதோ வேண்டுதலாக்கும்னு வுட்டுட்டேன்."

அளக்குற பொட்டி

மூடியக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு, கல்வராயன் மலைக்கு பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். அங்க சந்தையில சாமை மூட்டையோட ஒருத்தர் உக்காந்திருந்தாரு. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பக்கத்துல போய் லென்ஸ் வளையத்தத் திருப்பித் திருப்பி சரி பண்ணி, ஒண்ணு அமுக்குனேன். அவரு எழுந்து வந்துட்டாரு. எந்த ஆபீசுன்னு கேட்டாரு. ஆபீஸ் இல்லீங்க, கேமராங்கன்னேன். கேமரான்னா சத்தம் வரணுமே, இது வரலியேன்னாரு. கூட நாலு பேர் சேந்துட்டாங்க. மலையில கண்ணுகிட்ட எதையாவது வெச்சுக்கிட்டு நிக்கிறவங்கள அவங்க நெறையப் பாத்திருக்காங்க. அப்புறம் இது உங்க நெலம் இல்ல, எல்லை அங்க போகுதுன்னு யாராவது வந்து சொல்லுவாங்கங்கிறது அவங்க கவலை.

நானாவது வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இது தூரத்த அளந்து பாத்துதான் படம் எடுக்கும், ரெண்டாத் தெரியிற உருவம் ஒண்ணா சேந்தா தூரம் சரின்னு அர்த்தம்னு விளக்கம் வேற குடுத்துத் தொலைச்சேன். 'அளந்து'ங்கிற வார்த்தையோட எல்லார் மூஞ்சியும் மாறிப்போச்சு. கேமராவ அவர் கையிலயே குடுத்தேன். அவரு மூட்டைய அவரே ஜன்னல் வழியா பாத்தாரு, வளையத்தத் திருப்புனாரு, திருப்பிக் குடுத்தாரு. அப்ப என்னய ஒண்ணு எடுன்னு நிமிந்து நின்னாரு. எடுத்தேன். அடுத்த சந்தைக்குப் படத்தோட வர்றேன்னு எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்தேன்.

"கொண்டாந்து குடு, அப்ப கேமரான்னு நம்புறேன். அளக்க வந்தவங்க எல்லாருமே மொதல்ல அளக்கலன்னுதான் சொன்னாங்க."

அதே நாள், பஸ் ஸ்டாண்டுல

மலையில இருந்து எறங்கி சாயந்தரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். ரோல்ல இன்னும் கொஞ்சம் படம் பாக்கி. காலேஜ் பொண்ணு ஒண்ணு தூணுல சாஞ்சு, துப்பட்டாவால வாயப் பொத்திக்கிட்டு, போன்ல யார்கிட்டயோ பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. ஊரே இல்லாத மாதிரி ஒரு சிரிப்பு. சத்தமில்லாம எடுத்தேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியல. ஜூஸ் கடைகிட்ட நின்ன செவப்புச் சட்டைக்காரருக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஊரு பொண்ணத் திருட்டுத்தனமா எடுக்குறியான்னு ஒரே கத்தல். கூட்டம் சேந்துடுச்சு. அழின்னாங்க. அழிக்க முடியாது, பிலிம்னேன். அப்ப தொறந்து உருவுன்னு கைய நீட்டுனாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நீங்க யாருங்க அவளுக்கு, அண்ணனா, அப்பனான்னு கேட்டேன். கேமரா மேல கை பட்டா நடக்குறதே வேறன்னேன். ஸ்டுடியோ எங்க இருக்குன்னு இந்த ஊருக்கே தெரியும், நான் எங்கயும் ஓடிடலன்னேன். கூட்டம் ரெண்டடி பின்னாடி போச்சு.

அப்புறம் கூட்டத்தத் தள்ளிக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்டப் போனேன். அழுற நெலமையில இருந்துச்சு. இவங்களுக்காக இல்ல, உனக்கு வேணாம்னா மட்டும் சொல்லும்மான்னேன். பிரிண்ட் போட மாட்டேன்னும் சொன்னேன். நீங்க போட மாட்டீங்கன்னு நான் எப்டிக்கா நம்புறதுன்னு கேட்டுச்சு. வூட்டுல யாராச்சும் பாத்தா படிப்ப நிறுத்திடுவாங்கன்னுச்சு. அதுக்கு மேல பேச என்ன இருக்கு? அங்கேயே கேமராவத் தொறந்து பிலிம முழுக்க வெளிச்சத்துல உருவிப் போட்டேன். வெள்ளிமலைக்காரருக்குக் குடுத்த வாக்கும் அதோட போச்சு. வயிறு எரிஞ்சுது, பொய் சொல்லல. அந்தப் பொண்ணு உருவுன பிலிமையும் என் கையில இருந்த சோப்பு டப்பா கேமராவையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு.

"பெரிய கேமராவா இருந்திருந்தா அப்பவே பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினு இருப்பேன்கா."

மறுபடியும் மலை

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கூட்டத்துக்கு நான் பயப்படல, இப்பவும் பயப்படல. அந்தப் பொண்ணு சொன்னதுதான் உள்ள குத்திக்கிட்டே இருந்துச்சு. வேணாம்னு சொல்ல அவளுக்கு நான் எடமே குடுக்கலியே.

அடுத்த சந்தைக்கு எஸ்.எல்.ஆரத் தூக்கிக்கிட்டு வெள்ளிமலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் எதுக்கு வெறுங்கையோட போய் அசிங்கப்படணும், அந்த ஆளு உன்ன மறந்தே போயிருப்பாருன்னாரு. மறக்கல. என்னப் பாத்ததும் மொதல்ல கையத்தான் பாத்தாரு. நடந்தத ஒளிக்காம சொன்னேன். கூட நின்னவங்க சிரிச்சாங்க, நாங்க அப்பவே சொன்னோம்லங்கிற சிரிப்பு. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு, இன்னொரு வாட்டி எடுக்கட்டுமாங்கன்னு கேட்டேன். அவரு மூட்டை மேல கைய வெச்சுக்கிட்டு நின்னாரு. எடுத்தேன். டடக். பக்கத்துல கட்டியிருந்த ஆடு திடுக்குன்னு திரும்புச்சு. அவரு கூட்டாளிங்க பக்கம் திரும்புனாரு.

"இது கேமராதான். கேட்டுது பாரு."

வீட்டுல

பொங்கலுக்கு முந்தின வாரம் ரேஞ்ச்ஃபைண்டரத் தொடச்சு, பைக்குள்ள வெச்சு, ஜோசப் அண்ணன்கிட்டக் குடுத்துட்டு வாங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட நீட்டுனேன். மனுஷன் அதிர்ந்து போயிட்டாரு. சின்னதா இருந்தா யாருக்கும் தெரியாதேன்னாரு. அதுக்குத்தான் வேணாங்கிறேன்னேன். யாருக்கும் தெரியாம எடுக்க நான் என்ன திருட்டா பண்றேன்? நான் எடுக்குறது அவங்களுக்குத் தெரியட்டும், வேணாங்கிறவங்க வேணாம்னு சொல்லட்டும், திட்டுறவங்க திட்டட்டும். ஒப்பந்தத்துல மறைஞ்சு எடு, இல்லன்னா விட்டுடுன்னு ரெண்டுதான் இருக்கு, நான் மூணாவதா ஒண்ண சேத்துக்கிறேன்னேன். எங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கன்னு ஒதுங்கிக்கிட்டாரு.

சொன்னேன். மாமியார் பருப்பு பொடைச்சுக்கிட்டிருந்தாங்க. அத்த, நான் பெரிய கேமராவோடதான் போகப் போறேன், ரோட்டு நடுவுலதான் நிக்கப் போறேன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். முறத்த நிறுத்தாமலே, நீ போறத யார் தடுக்குறா, போற எடமெல்லாம் எவளாவது கேக்குறா, பதில் சொல்றது நான்தானேன்னாங்க. அதுவும் நெசம்தான். கேக்குறவங்கள எல்லாம் கடைக்கு அனுப்பி விடுங்க அத்த, நானே பதில் சொல்லிக்கிறேன்னேன். அப்பதான் முறத்தக் கீழ வெச்சாங்க.

"அனுப்புறேன். கடையில கூட்டம் ஜாஸ்தியாவும், நாற்காலி கம்மியா கெடக்குது, பாத்துக்க."

நாலு முனையில

பொங்கல் முடிஞ்சு மொத வாரம். எஸ்.எல்.ஆரக் கழுத்துல மாட்டிக்கிட்டு நாலு முனை சந்திப்புக்குப் போனேன். கரும்புக் கட்டு கொண்டுபோன சைக்கிள், சண்டை போட்டுக்கிட்டே ரோட்டத் தாண்டுற புருஷன் பொண்டாட்டி, பஸ் ஜன்னல்ல தூங்குற தலைங்க. டடக், டடக். நாலு பேர் மொறச்சாங்க. ஒரு அம்மா கைய ஆட்டி வேணாம்னாங்க, சரிங்கன்னு கேமராவ எறக்கிட்டேன். இன்னொருத்தர், படம் வந்தா கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்னு பேரச் சொல்லிட்டுப் போனாரு.

அப்பதான் அவரு வந்தாரு. பஸ் ஸ்டாண்டுல கைய நீட்டுனவரு. அன்னிக்கு செவப்புச் சட்டை, இன்னிக்கு நீலம். நான் நகரல. கேமராவத் தூக்கி அவருக்கு நேராவே பிடிச்சேன். எடுக்கப் போறேங்க, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்கன்னேன். வேணாம்னாரு, கடுகடுன்னு. சரிங்கன்னு எறக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். நாலு எட்டு நடந்து போனவரு நின்னாரு. சட்டக் காலர இழுத்து விட்டுக்கிட்டு, ரொம்ப வருத்தமா என்னப் பாத்தாரு:

"வேணாம்னு சொன்னா வுட்டுருவியா? அவ்ளோதானா?"

ஆக அன்பர்களே, தெருவுல படம் எடுக்க எந்தக் கேமரா நல்லதுன்னு என்னக் கேட்டா, ஊரு உங்கள நேருக்கு நேரா நின்னு திட்டுறதுக்கு எது வசதியா இருக்கோ அதையே வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.